ஒன்றுமில்லை என்று எழுதாதே

கந்தப்பளை
2025 செப்டெம்பர் 21

மகன்,

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் நீ பாதியில் விட்டுவிடுவாய் என்று அம்மா சொல்கிறாள். அங்கே போலந்தில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நாற்பது நிமிடம் சும்மாதானே இருக்கிறாய், அதில் படி. வாய்ஸ் மெசேஜ் போடலாம்தான், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் ராகலைக்குப் போக வேண்டிய பஸ் வலப்பனையில் போய் நிற்கும், உனக்கே தெரியும்.

முதலில் கார் கதை. கொழும்பில் இருந்து அந்தப் பழைய கார் சேர்க்கிறவர் மறுபடி வந்தாரா, கொடுத்துவிட்டீர்களா என்று போன கிழமை கேட்டாய். வந்தார். கொடுக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கதவுக்குக் கீழே விரலால் தட்டிப் பார்த்து உள்ளே துரு இருக்கிறது என்று எனக்கே கண்டுபிடித்துச் சொன்னார். 1964 இல் செய்த எம்.ஜி. மிட்ஜெட் கார், ஆறாயிரம் அடிக்கு மேலே மூடுபனியில் நிற்கிறது, துரு பிடிக்காமல் பூவா பூக்கும்? அப்புறம், இது மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஓடிய காரா என்று கேட்டார். 1934 இல் தொடங்கிய பந்தயம், அதில் ஓடியது என்றால் விலையே வேறு. அந்தக் காலத்துத் துரைமார் ஓடியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது. 1975 இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை விட்டுவிட்டுப் போன கார் அது, பக்டரிக்குப் பின்னால் படங்குக்குக் கீழே கிடந்தது, 1992 இல் தோட்டங்கள் மறுபடி கம்பெனிகள் கைக்குப் போகிற நேரத்தில் இரும்பு விலைக்கு நான் எடுத்தேன். அவ்வளவுதான் அதன் சரித்திரம். "ஓடியது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் மூன்று லட்சம் கூட்டியிருப்பார். சொல்லவில்லை. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்போது காப்ரேட்டர் வேலை நடக்கிறது, எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற சாமான். மிட்ஜெட்டுக்கு எஸ்.யு. காப்ரேட்டர் இரண்டு. ஒன்று கூடவும் மற்றது குறையவும் காற்றை இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நொண்டும். அதைச் சரி பார்க்க என்னிடம் மெஷின் எதுவும் கிடையாது, ஒரு முழம் ரப்பர் குழாய்தான். எஞ்சினை ஓட விட்டு, குழாயின் ஒரு முனையைக் காப்ரேட்டர் வாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் உஸ்ஸ் என்று காற்று போகும் சத்தம் கேட்கும். முன்னதில் கேட்டு, பின்னதில் கேட்டு, இரண்டு உஸ்ஸும் ஒரே மாதிரி வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு அடியில் இருக்கிற ஜெட் நட். அதற்கு ஆறு பட்டை, ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல் திருப்பக் கூடாது. மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். நம் ஊரில் காற்று கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அங்கே டியூன் பண்ணிய வண்டி இங்கே ஏறி வந்தால் பெற்றோல் கூடிப் பிளக் கரி பிடிக்கும். இங்கே டியூன் பண்ணியதைக் கீழே இறக்கினால் பிளக் வெள்ளையாகி எஞ்சின் கொதிக்கும். ஒரு பட்டை, ரம்பொடை வரை ஒரு ஓட்டம், பிளக்கைக் கழற்றிப் பார்த்தல், திரும்பவும் ஒரு பட்டை. கோப்பித் தூள் நிறம் வந்தால் சரி. இரண்டு நாள் போய்விட்டது.

சாமானுக்குக் கவலைப்படாதே, இங்கிலாந்தில் இருந்து எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லாதே. 1098 சிசி எஞ்சின், அதே குடும்ப எஞ்சின்தான் மொறிஸ் மைனரிலும் இருக்கிறது, அந்த ஒரு காரணத்தால்தான் இந்தக் கார் இந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் மிட்ஜெட் சாமான் என்று கேட்டால் சிரிப்பார்கள், மைனர் சாமான் என்று கேட்டால் தூசி தட்டி எடுத்துத் தருவார்கள். பதினாறு வயதில் நீ என்னைக் கேட்காமல் ரேடியோ செட் பூட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? இந்தக் காரில் பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடியோடு, அதாவது காரின் இரும்புக் கூட்டோடு, சேர்ந்திருக்கும், இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. செட்டின் தகடு பொடியில் பட்டதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. நீ ஓடி வந்து "ஒன்றுமில்லை அப்பா, கொஞ்சம் மணக்குது" என்றாய். வயர் எரிந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்த "ஒன்றுமில்லை"யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பத்தாம் திகதி புதன்கிழமை காலை நான் கராஜில் இருந்தேன். வலது காதில் குழாய், இடது காதில் இயர்போன். எப்போதும் போலச் சண்டைச் செய்தி. ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் வந்துவிட்டன, விமானங்கள் எழும்பிச் சுட்டு விழுத்துகின்றன என்று சொன்னார்கள். விமான நிலையங்களை மூடிவிட்டார்கள் என்று பெயர் வாசித்தார்கள், அதில் நீ இருக்கிற லப்ளினும் இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு உனக்கு அடித்தேன், எடுக்கவில்லை. உனக்கு அப்போது நடுச்சாமம் தாண்டிய நேரம். பத்து மணி போல உன் பதில் வந்தது: "ஒன்றுமில்லை அப்பா. நல்லா தூங்கினேன்."

சரி என்று நினைத்தேன். அடுத்த நாள் பார்த்தால், லப்ளின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக் கூரையே பிய்ந்து கிடக்கிற படம் போட்டிருக்கிறார்கள். அதுவும் சரி, நீ இருக்கிற இடம் இல்லை. போன ஞாயிறு நுவரெலியா மார்க்கட்டில் உன் அறையில் இருக்கிற ராகலைப் பையனின் அம்மாவைக் கண்டேன். கோவா பொறுக்கிக்கொண்டே சொல்கிறா, "பிள்ளைகள் அன்றைக்கு ராத்திரி முழுக்க விமானச் சத்தத்தில் தூங்கவே இல்லையாமே, ஜன்னல் எல்லாம் அதிர்ந்ததாமே." நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் பிள்ளை என்னிடம் சொல்லாததை லீக்ஸ் கட்டுக்கும் கரட்டுக்கும் நடுவில் நின்று வேறு ஒரு அம்மாவிடம் கேட்கிறேன்.

கராஜுக்கு வருகிற எல்லாரும் சொல்கிற முதல் பொய் என்ன தெரியுமா? "சின்னச் சத்தம்தான் பாஸ்." சத்தம் வந்தால் அது எந்தச் சத்தம் என்றுதான் கேட்க வேண்டும். மேலே டிக் டிக் என்றால் டப்பட், அதை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓடலாம், நம் மிட்ஜெட்டே அப்படித்தான் ஓடுகிறது. கீழே இருந்து டொக் டொக் என்று, அதுவும் ஏற்றத்தில் பாரம் இழுக்கிற நேரத்தில் வந்தால் பிக் எண்ட் பெயரிங், உடனே நிறுத்த வேண்டும். லீக்ஸ் ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் சின்னச் சத்தம் என்று ஒரு கிழமை ஓட்டினார், ரம்பொடை வளைவில் கனெக்டிங் ரொட் எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சின்னதா பெரியதா என்று முடிவு பண்ணுவது ஓட்டுகிறவனின் வேலை இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் அவன் வேலை.

எனக்கு இந்த விசயத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது. கிளிநொச்சி அத்தையைப் பற்றி நான் முழுதாகச் சொன்னதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மாமா அவளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார், இங்கே லயத்தில் அடி வாங்குவதை விட அங்கே காடு வெட்டலாம் என்று. 83 ஜூலை கடைசியில் நுவரெலியா டவுன் எரிந்தபோது, அவர்கள் போனதுதான் புத்தி என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்தா. அதற்குப் பிறகு சண்டை அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் இங்கே மலையில் இருந்துகொண்டு ராத்திரியில் ரேடியோவில் வெரித்தாஸும் பிபிசி தமிழோசையும் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்போம். வாசலில் யாராவது நடந்தால் நிறுத்திவிடுவோம். அத்தையிடமிருந்து வருகிற எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: "நாங்கள் நல்லம், சத்தம் எல்லாம் தூரத்தில்தான்." 2008 இல் வந்த கடைசிக் கடிதத்திலும் அதே வரி. நானும் அதை நம்பினேன். நம்பினேன் என்பதை விட, நம்புவது வசதியாக இருந்தது.

2009 ஏப்ரலில் அவள் சண்டை நடந்த இடத்தில் இருந்து வெளியே வந்து வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில் இருக்கிறாள் என்று தெரிந்து, பிறகு அனுமதி எடுத்துப் போய்ப் பார்த்தேன். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அப்போதுதான் சொன்னாள், அந்தக் கடைசிக் கடிதத்தைப் பங்கருக்குள் இருந்து எழுதினாளாம், அதற்கு முதல் நாள்தான் பக்கத்து வளவில் ஷெல் விழுந்து அந்த வீட்டில் மூன்று பேர் இல்லையாம். "உனக்கு ஏன் வீண் கவலை என்று எழுதவில்லை தம்பி" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். காருக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தப் பச்சையைப் பார்த்தால் அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

உக்ரைன் சண்டையை நான் ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறேன் என்று நீ ஒருநாள் சிரித்தாய். 2022 பெப்ரவரியில் தொடங்கியபோது சும்மாதான் பார்த்தேன், பெற்றோல் விலைக்காகவும் தேயிலைக்காகவும். அந்த ஜூனில் லீட்டர் 470 ரூபா. நீதானே வரிசையில் நின்றாய், மிட்ஜெட்டுக்குள் கால் நீட்ட முடியாமல் கதவைத் திறந்து காலை வெளியே போட்டுக்கொண்டு ராத்திரி தூங்கினாய். எல்லாம் அந்தச் சண்டையால் வந்தது என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாட்டில் டொலர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும் 2021 இல். ஏற்கெனவே பற்றியிருந்த கூரைக்கு அந்தச் சண்டை காற்று வீசியது, அவ்வளவுதான். தேயிலையைப் பார், ரஷ்யாவும் வாங்குகிறது, உக்ரைனும் வாங்குகிறது. உன் அம்மா பறித்த கொழுந்து இரண்டு பக்கத்துப் பங்கருக்குள்ளும் போயிருக்கும். போன வருடம் நம் நாட்டு ஓய்வுபெற்ற ஆமிக்காரர்களை நல்ல சம்பளம் என்று ஏமாற்றி அந்தப் போர்முனைக்கு அனுப்பிய கதை வெளியே வந்தபோதுதான், உன்னை அனுப்பிய ஏஜென்டின் கடதாசிகளை எல்லாம் எடுத்து ஒரு தடவை முழுதாக வாசித்தேன். போலந்து என்றுதான் இருந்தது. இருந்தும் இரண்டு தடவை வாசித்தேன்.

நீ அங்கே போன பிறகு அது தூரத்துச் சண்டை இல்லை. லப்ளினில் இருந்து எல்லைக்கு நூறு கிலோமீட்டர் என்று மேப்பில் பார்த்தேன். இங்கிருந்து கொழும்பு அதை விடத் தூரம்.

திரும்பி வா என்று சொல்லவில்லை. கடன் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் தெரியும், இங்கே என்ன இருக்கிறது என்றும் தெரியும். கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு ராத்திரி கேட்டதை எனக்கு எழுது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பக்கம் இருந்து வந்தது, விமானம் மட்டுமா, இல்லை வேறு சத்தமும் இருந்ததா, ஜன்னல் அதிர்ந்ததா, தொடர்ந்தா விட்டு விட்டா. கீழே இறங்கி இருக்க அங்கே பேஸ்மென்ட் மாதிரி எதாவது இருக்கிறதா, அதன் சாவி யாரிடம். இனி எப்போது கேட்டாலும் அப்படியே எழுது, சின்னதா பெரியதா என்று நீ முடிவு பண்ணாதே. அம்மாவிடம் நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். முழுதும் சொல்ல மாட்டேன்.

மழை விட்டிருக்கிறது, வெளிச்சம் இருக்கும்போதே இன்னும் ஒரு பட்டை திருப்பிவிட்டு ஒரு ஓட்டம் போய் வருகிறேன். பின்பக்கக் காப்ரேட்டரில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று களவாகப் போகிறது போல இருக்கிறது, முன்னதில் இல்லாத ஒரு சன்னமான விசில். குழாயில் கேட்டால்தான் தெரிகிறது, வெறும் காதுக்குக் கேட்காது.

குளிர் தொடங்கப் போகிறது, அந்த நீல ஜம்பரை எடுத்துப் போடு.

அப்பா