வாய்மொழி மருந்தாணைக்கு நெறிமுறை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பயிற்சி மருத்துவர், பொது மருத்துவப் பிரிவு
பெயரும் பணியிடமும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: அவசரச் சிகிச்சையில் வாய்மொழியாகத் தரப்படும் மருந்தாணை – செவிலியருக்கும் மருத்துவருக்கும் பொதுவான நெறிமுறை வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒத்துப்போவதில்லை என்று தங்கள் அலுவலகத்துக்குப் புகார்கள் வந்திருக்கும். இரு தரப்பிலிருந்தும் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் 'பரஸ்பர மரியாதையுடன் நடந்துகொள்க' என்று ஒரு சுற்றறிக்கை வருகிறது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். அன்றிரவே சண்டை மறுபடி தொடங்கிவிடுகிறது. இதற்கு யாருடைய குணத்தையும் குறைசொல்லிப் பயனில்லை. இருக்க வேண்டிய ஒரு விதி இல்லாததே காரணம் என்பது என் பணிவான கருத்து.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். சிறுநீரகம் செயலிழந்த முதியவர் ஒருவருக்கு நள்ளிரவு தாண்டி நாடித்துடிப்பு குறையத் தொடங்கியது. நான் அப்போது அடுத்த வார்டில், வலிப்பு வந்த நோயாளியின் தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறந்து பிடித்திருந்தேன். கையை எடுக்க வழியில்லை. செவிலியர் ஈ.சி.ஜி. தாளுடன் ஓடிவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். இதயத்துடிப்பைக் காட்டும் கோட்டில் டி அலைகள் கூர்மையாக உயர்ந்து நின்றன, கியூ.ஆர்.எஸ். என்ற பகுதி அகன்றிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடிய அளவுக்கு ஏறிவிட்டது என்று முடிவுசெய்ய ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்கும் நேரமல்ல அது. கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரைவழியே மெதுவாகச் செலுத்தினால் அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். அதற்குள் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளலாம்.

"கால்சியம் போடுங்கள் சிஸ்டர்" என்றேன். "கேஸ் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்றார். இருவர் குரலும் உயர்ந்தது. அருகிலிருந்த நோயாளிகளின் உறவினர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிறிது தாமதத்துக்குப் பிறகு மருந்து உள்ளே போனது, முதியவர் பிழைத்துக்கொண்டார்.

அந்தச் செவிலியர் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவருடைய தோழியான இன்னொரு செவிலியர், தொலைபேசியில் மருத்துவர் சொன்ன அளவில் ஊசி போட்டிருக்கிறார். பிரச்சினை வந்ததும், அந்த அளவைத் தான் சொல்லவே இல்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். தாளில் ஒன்றுமில்லை. மெமோ அந்தத் தோழிக்குப் போனது. ஊதிய உயர்வும் நின்றது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் எழுத்தில்தான் கேட்டிருப்பேன். இத்தனைக்கும், அன்றிரவு என்னிடம் எழுத்தில் கேட்ட செவிலியர் தன் முன்கையில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, மருந்தின் பெயர், அளவு, 2.40 என்ற நேரம் மூன்றையும் பேனாவால் குறித்துவைத்திருந்தார். வார்டுப் பதிவேட்டில் வாய்மொழி ஆணைக்கென ஒரு கட்டம்கூடக் கிடையாது. வேறு எங்கே எழுதுவார்?

ஆகவே, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும் வாய்மொழி ஆணையை ஏற்கலாம் என்று தாங்கள் எழுத்தில் அனுமதிக்க வேண்டும். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டு மருந்து, அளவு, செலுத்தும் வழி மூன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்ல, மருத்துவர் 'ஆம்' என்ற பிறகே ஊசி ஏறவேண்டும். தொலைபேசி என்றால் இரண்டு செவிலியர்கள் கேட்க வேண்டும். நெருக்கடி முடிந்தவுடன் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். போடாவிட்டால் விளக்கம் கேட்க வேண்டியது அவரிடம்தான். இதில் ஒரு விலக்கும் தேவை. செறிவு மிகுந்த பொட்டாசியம் குளோரைடு போன்ற கரைசல்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே வலியுறுத்தியது. அத்தகைய மருந்துகளுக்கு எந்த நிலையிலும் வாய்மொழி ஆணை கூடாது. பொது வார்டு அலமாரியில் அவற்றை வைக்கவும் கூடாது.

அடுத்தது, யார் யாரை அழைக்கலாம் என்பது. நோயாளி மோசமாவதை முதலில் பார்ப்பவர் செவிலியர். ஆனால் அவர் என்னிடம் சொல்லி, நான் முதுநிலை மருத்துவ மாணவரிடம் சொல்லி, அவர் பேராசிரியரை எழுப்ப வேண்டும் என்பதே நடைமுறை. நேரே மேலே பேசினால் 'என்னைத் தாண்டிப் போய்விட்டார்' என்று எங்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. பிரிட்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல்வெப்பம் எல்லாவற்றுக்கும், இயல்பிலிருந்து விலகும் அளவுக்கேற்ப மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் போனால் அவசர நிலை. அந்த எண் வந்தால் செவிலியரே பணியிலுள்ள மூத்த மருத்துவரை அழைக்கலாம் என்று ஆணையிட்டால், தன்மானப் பிரச்சினைக்கு இடமே இராது. எண் அழைத்தது, ஆள் அழைக்கவில்லை.

பணிநேரம் பற்றித் தனி மனு தேவைப்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. அதையும் தாண்டி விழித்திருக்கும் மருத்துவரும், வார்டு முழுவதையும் தனியாளாகப் பார்க்கும் செவிலியரும் அதிகாலையில் இனிமையாகப் பேசிக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது அதிகம். இரு தரப்பின் பணிமாற்றத்தையும் ஒரே நேரத்தில் வைத்து, படுக்கை அருகே நின்று சேர்ந்தே பொறுப்பை ஒப்படைக்கச் செய்தால் பாதிக் குழப்பம் தீரும். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

முதற்கட்டமாக ஒரே ஒரு வார்டில் மூன்று மாதம் இதை நடத்திப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். அதுவரை, மருந்தாணை தொடர்பான புகாரில் மருத்துவர், செவிலியர் இருவரையும் சேர்த்து விசாரிக்காமல் ஒருவருக்கு மட்டும் மெமோ வழங்குவதை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன். பதிவேட்டின் மாதிரிப் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது. இம்மனுவின் வரைவைத் தலைமைச் செவிலியர் ஒருவர் படித்துத் திருத்தினார். கையெழுத்துக்கு நான் 'பணி முடிவதற்குள்' என்று கெடு எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'நெருக்கடி முடிந்தவுடன்' என்று மாற்றியவர் அவரே. தாங்கள் அழைத்தால் இருவரும் சேர்ந்தே நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்சி மருத்துவர்

இணைப்பு: வாய்மொழி மருந்தாணைப் பதிவேடு – மாதிரிப் பக்கம்