முதலில் ஆளைக் கேள்

தருமபுரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சிறப்புக் குழந்தைகள் பள்ளி டிரஸ்டில் பொருளாளர் ஆகிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குத்தான் மூட்டுவலி விட்டபாடில்லை. சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வாரக் கடைசியில் வந்துபோகிறாள். பெங்களூரா மாங்காய்க்கு இந்த முறையும் சொல்லிக்கொள்ளும்படி விலை இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்காரர்களிடம் போய்ப் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் தடவை போகும்போது பணமே கேட்காதே என்பதுதான் என் யோசனை. அவர்களிடம் இருக்கும் ஆளைக் கேள், தொழில் தெரிந்த கையைக் கேள்.

ஏன் சொல்கிறேன் என்றால், பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் நடந்ததைப் பார்த்தவன் நான். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உனக்கே தெரியும். ஹாஸ்டலில் பல் கறைபடிந்த பையன்கள் எத்தனை பேர் நம்மோடு இருந்தார்கள்! 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு எவ்வளவோ தேவலாம். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணறுதானே கதி. அந்தப் பள்ளிக்கு ஒரு கம்பெனி ஆர்.ஓ. மெஷின் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், கல்வெட்டு வைத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடைக்குள் மெஷின் நின்றுவிட்டது. போன் பண்ணினால், அந்த வருஷக் கணக்கு முடிந்துவிட்டது என்று பதில்.

அப்புறம் நாங்கள் ஓசூரில் வேறொரு தொழிற்சாலைக்குப் போனோம். காசு வேண்டாம், மெயின்டனன்ஸ் பிரிவிலிருந்து ஒருத்தரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டோம். வந்தவர் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். முன்னால் இருந்த ஃபில்டரைத் திறந்தால் கேட்ரிட்ஜ் முழுக்கச் செம்மண், கையால் பிழிந்தால் குழம்பாக வழிகிறது. உள்ளே தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வு, அந்த மெம்பரேனும் போய்விட்டிருந்தது. எதை எப்போது மாற்ற வேண்டும் என்று சத்துணவுக்கூடத்து ஆயாவை அருகில் உட்காரவைத்து அவர் கையாலேயே கழற்றி மாட்டச் செய்தார். புறப்படும்போது ஒரு பொண்ணு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மனுஷன் அதை வாங்கிக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மறுநாள் மேனேஜரிடம் போய் எங்களுக்காக வாதாடியவர் அவர்தான். இன்றைக்கு அந்தப் பள்ளி மட்டுமில்லை, பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் பராமரிப்புச் செலவையும் அந்தத் தொழிற்சாலையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நடுவில் எச்.ஆர். மேனேஜர் மாறினார், ஆனாலும் விட்டுப்போகவில்லை. உள்ளே நமக்காகப் பேச ஓர் ஆள் இருக்கிறார், அதுதான் காரணம்.

உங்கள் பள்ளிக்கும் இப்படி ஏதாவது இருக்கும். சாய்தளம் கட்ட ஒரு சிவில் என்ஜினியர், சக்கர நாற்காலியைச் சரிபார்க்க ஒரு ஃபிட்டர், கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு அக்கவுன்டன்ட். யோசித்துப் பார்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் முந்தைய நிதியாண்டில் ஒன்று இருந்தாலே போதும், மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். அதனால் பெரிய பெயர்களை மட்டும் பார்த்து மலைத்துப் போகாதே. உங்கள் திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் வருஷம் 5 கோடி லாபம் பார்க்கிற ஆலைக்கு 10 லட்சம் ரூபாய் வரும். அங்கே இதற்கென்று தனிப் பிரிவு இருக்காது, முதலாளியும் ஆடிட்டரும் மார்ச் மாதம் யாருக்குக் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தொழில் நடக்கிற ஊருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நீ பக்கத்து ஊர்க்காரன் என்பதே பாதி பலம்.

காகிதங்களை முதலில் தயார் பண்ணு. டிரஸ்டுக்கான வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர். பணம் வாங்குகிற அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று வருஷம் வேலை செய்ததற்கான ஆதாரம். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் தருவோம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கானது. உங்கள் டீச்சர் சம்பளமும் தெரபிஸ்ட் சம்பளமும் திட்டத்தின் நேரடிச் செலவு. அதைத் தயங்காமல் எழுதிக் கேள். முடிந்தால் ஒரு வருஷத்துக்கு என்று கேட்காமல் தொடர் திட்டமாகக் கேள், ஆரம்பிக்கிற வருஷம் போக மூன்று வருஷம் வரை நீட்டலாம்.

விளம்பரம் பற்றியும் கேட்டிருந்தாய். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பெரிய அட்டைச் செக்கைப் பிடிக்க வைக்காதே. அந்தப் பிள்ளையின் அம்மா அந்தப் போட்டோவை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. தன் பொருளின் விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்வது சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. பையில் அவர்கள் பொருளின் பெயரை அச்சடிக்கச் சொன்னால் அதைக் காட்டி மரியாதையாக மறுத்துவிடலாம். அதற்குப் பதிலாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பக்கக் கடிதம் எழுது. என்ன செலவு, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை. பெயர் சொல்லாமல் ஒரு குழந்தை இந்த மூன்று மாதத்தில் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு காரியம், உதாரணமாகத் தானே பட்டன் போட்டுக்கொண்டது. நாங்கள் எழுதியதைத் தொழிற்சாலைக் கேன்டீன் போர்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இரண்டு பேர் சொந்தச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்புகிறார்கள்.

கடைசி மூன்று வருஷ ஆடிட் ரிப்போர்ட்டையும், உங்கள் பள்ளிக்கு என்னென்ன வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று ஒரு பட்டியலையும் எனக்கு அனுப்பு. ஆலைக்குப் போகும் முன்னால் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்