தவறான விடைக்கும் ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளில் இன்டர்னல் தேர்வைக் கணினியிலோ செல்போனிலோ வைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. பேப்பர் கட்டு திருத்தும் வேலை மிச்சம், நல்லதுதான். ஆனால் மாணவர் சப்மிட் கொடுத்ததும் 20-க்கு 11 என்று வருகிறது, அத்தோடு சரி. எங்கே தடுக்கியது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மார்க்கைக் கூட்டிச் சொல்ல மட்டும்தானா இந்த ஏற்பாடெல்லாம்?

நான் சேலத்தில் வேதியியல் நடத்துகிறேன். முதலாண்டுக்கு நான் கொடுக்கும் கேள்வி ஒன்று: கருப்பூர்ப் பக்கம் வெட்டும் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, கலப்படமில்லாமல் 84 கிலோ எடுத்து முழுதாகச் சுட்டால் எத்தனை கிலோ மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, மிஞ்சும்? விடை 40. சிலர் 84 என்பார்கள்; சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. 44 என்பவர் கணக்கைச் சரியாகவே போட்டுவிட்டு, வெளியேறிய வாயுவின் எடையைச் சொல்கிறார். 24 என்பவர் மக்னீசியத்தை மட்டும் எண்ணி ஆக்சிஜனை விட்டுவிட்டார். மூவருக்கும் பூஜ்யம்தான். ஆனால் மூவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் மூடில் (Moodle) மென்பொருளில் ஒவ்வொரு விடைக்கும் விளக்கம் எழுதத் தனிக் கட்டமே இருக்கிறது. நான் பார்த்தவரை அது காலியாகவே கிடக்கிறது. எழுத நேரம் பிடிக்கும், உண்மை. கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 20 கேள்விக்கு 60 தவறான விடைகள்! ஆனால் ஒருவரே உட்கார்ந்து எழுத வேண்டுமா என்ன? பெரியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் நடக்கும் கல்லூரிகள் அலகு அலகாகப் பிரித்துக்கொள்ளலாம். கேள்விகளை விளக்கத்தோடு கோப்பாக எடுத்து இன்னொரு கல்லூரியில் ஏற்றவும் முடியும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு அதுதான் மனதில் நிற்கும்.

நெடுவினாக்களை இதில் தள்ளிவிட வேண்டாம். அவற்றை ஆசிரியர்தான் படித்துத் திருத்த வேண்டும். அதற்கான நேரம் இங்கே மிச்சமாகிறதே.

இன்னொன்று. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் நிற்பதில்லை. ஆசிரியர் அனுமதித்தால் மூடில் செயலியில் இணையம் இல்லாமலே பயிற்சித் தேர்வு எழுதலாம். ஆனால் இத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நேர வரம்பு வைக்கக் கூடாது. விளக்கம் சிக்னல் கிடைத்ததும் வரும்.

அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் துறைத் தலைவர்கள் கூடிப் பேசி, ஒரே ஒரு தாளுக்காவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.