ஏஜென்சி தன் பங்கைச் சொல்லட்டும்

ஆசிரியருக்கு,

ஒப்பந்த அடிப்படையில் தனியாக வேலை செய்கிறவன் நான். ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, எவ்வளவு என்று மறைப்பதுதான் தாங்கவில்லை. வேலை வாங்கும் நிறுவனம் 100 கொடுத்து நம் கைக்கு 80 வந்தால், ஏஜென்சியின் பங்கு நிறுவனம் தரும் தொகையில் 20 சதவீதம், நம் கூலியோடு ஒப்பிட்டால் 25. எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம் பணம் வரும் நாள். மாதக் கடைசியில் பில், அதிலிருந்து 30 நாள் என்றால் முதல் தேதி செய்த வேலைக்குக் கிட்டத்தட்ட 60 நாள் காத்திருக்கிறோம், இதில் நிறுவனம் கொடுத்தால்தான் உனக்கு என்ற நிபந்தனை வேறு! வசூல் செய்யும் பொறுப்புக்கும் சேர்த்துத்தானே அந்தப் பங்கு? ஒருமுறை அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கேட்டேன், நீக்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்