பேத்தியின் புதுநன்மையும் அண்ணனின் ஆப்பரேஷனும்

தூத்துக்குடி

அன்புத் தோழிக்கு,

சேசுவுக்குப் புகழ். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அண்ணனுக்கு இருதய ஆப்பரேஷன் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் அவருக்காக ஜெபமாலை சொன்னோம். அவரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். முதலில் பேத்தி விஷயம்.

மே மாத லீவில் பிள்ளையை இங்கே கூட்டி வந்து, பத்து நாளில் ஜெபங்களை மனப்பாடம் பண்ண வைத்து, நம் கோயிலிலேயே அவளுடைய முதல் நற்கருணையை, புதுநன்மையை, வாங்க வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் ஆசைதான். நாம் இரண்டு பேரும் ரிப்பன் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற இடத்தில் அவள் நிற்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உங்கள் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கி வந்தால் இங்கே கொடுக்கவும் செய்வார்கள். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சென்னையில், அவளோடு மறைக்கல்விக்கு உட்காருகிற பிள்ளைகளோடு சேர்ந்தே வாங்கட்டும். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அவள் நற்கருணை வாங்கப்போவது அந்தக் கோயிலில்தானே. வீடு மாறிப் போய் இன்னும் அங்கே யாரோடும் பழகவில்லை என்கிறாய். இந்த வகுப்பைவிட நல்ல வழி வேறு எது?

ஜெபம் தப்பும் தவறுமாக வருகிறது என்று கவலைப்படாதே. நம் நாளில் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி விட்டால் உபதேசியார் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் 1910-ல் பத்தாம் பயஸ் பாப்பரசர், ஏழு வயதை ஒட்டிய பிள்ளைகளை நற்கருணைக்கு அனுமதிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது எதிர்பார்த்தது கொஞ்சம்தான். தன் வயதுக்கு ஏற்ற அளவில் விசுவாசத்தின் முக்கியமான உண்மைகள் தெரிய வேண்டும். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வித்தியாசம் புரிய வேண்டும். அதற்கு முன்னால் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளைக் காக்க வைத்திருந்தார்கள்.

அந்த வித்தியாசத்தைப் புரிய வைக்கத்தான் எனக்கு நாள் பிடிக்கிறது. போன மாதம் என் மறைக்கல்வி வகுப்பில், பூசையில் வைத்து அர்ச்சிக்காத அப்பத்தை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். இடது கையை வலது கைமேல் வைக்க வேண்டும், ‘ஆமென்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அங்கேயே உட்கொண்டுவிட்டுத்தான் நகர வேண்டும். ஒரு பையன் மென்று பார்த்துவிட்டு, “டீச்சர், ருசியே இல்லையே” என்றான். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான், உப்புகூடக் கிடையாது என்றேன். “அப்போ பூசையில மட்டும் இது எப்படி இயேசுவா ஆகும்?” என்று கேட்டான் பாரு, வகுப்பே அமைதியாகிவிட்டது. எடுத்து வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டு, மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்து, லூக்கா நற்செய்தியில் கடைசி இராவுணவை வாசித்தேன். இது என் உடல் என்று சொன்னவர் அவர், சொன்னதைச் செய்கிறவரும் அவர் என்றேன். அந்தப் பையன் அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு வந்தான். இப்படிக் கேட்கிற பிள்ளைக்குப் பத்து நாள் எப்படிப் போதும், நீயே சொல்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிப்பதும் இப்படித்தான். பிள்ளைகளுக்கு முதல் பயம் எது தெரியுமா? சாமியார் அம்மாவிடம் சொல்லிவிடுவாரா என்பதுதான். உயிரே போனாலும் சொல்லக் கூடாது, சொன்னால் அவருக்குத் திருச்சபை கொடுக்கிற தண்டனை மிகப் பெரியது என்று விளக்கினால் முகம் தெளிகிறது. உன் பேத்தியிடம் இதை நீயே சொல். பாட்டி சொன்னால் நம்புவாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. நீங்கள் எல்லோரும் அன்றைக்கு அவளோடு போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாருங்கள். அப்பா முழங்காலில் இருப்பதைப் பார்த்த பிள்ளைக்கு நான் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஞானஸ்நான சர்டிபிகேட்டை முதலில் எடுத்து வை. ஞானஸ்நானம் கொடுத்த பங்கில்தான் அது கிடைக்கும். பின்னால் உறுதிபூசுதலும் கல்யாணமும் அந்தப் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில்தான் ஏறும். உடைக்கு ரொம்பச் செலவு பண்ணாதே. எங்கள் பங்கில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடை என்று பேரவையில் முடிவு செய்தபிறகு, கடன் வாங்கித் தைத்த குடும்பங்கள் நிம்மதியாயின. பிள்ளை நன்மை வாங்குகிற நேரத்தில் கேமராக்காரர் பீடத்துக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நிற்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. பூசை முடிந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றாள். நான்தான் ஞானத்தாய். ஒரு வருடத்துக்கு மேல் வகுப்புக்கு வந்தாள், பாத்தியில் நின்ற கால் வலியோடு. பெரியவர்கள் என்பதால் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே இரவில். தலையில் தண்ணீர் ஊற்றியபோது அவள் தோளில் வைத்திருந்த என் கை நடுங்கியது.

இப்போது அண்ணன். ஆப்பரேஷனுக்கு முன் நோயில்பூசுதலுக்கு, அதாவது எண்ணெய் பூசி ஜெபிக்க, சாமியாரைக் கூப்பிட்டால் அவர் பயந்துவிடுவார், ‘எனக்கு முடிவு வந்துவிட்டது’ என்று நினைப்பார் என்கிறாய். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். சாமியார் வந்தார், நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார், அம்மா எல்லா ‘ஆமெனும்’ சத்தமாகச் சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்கள். பிறகு பல வருடம் எங்களோடு இருந்தார்கள்.

நோயில்பூசுதல் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை மாற்றத்தான் 1972-ல் ஆறாம் பவுல் பாப்பரசர் அந்தச் சடங்கையே திருத்தி அமைத்தார். கடுமையான நோய்க்காகப் பெரிய ஆப்பரேஷன் செய்துகொள்பவர்களும், தளர்ந்துபோன முதியவர்களும் வாங்கலாம். குணமாகி மறுபடி நோய் வந்தாலும், இருக்கிற நோய் முற்றினாலும் திரும்பவும் வாங்கலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கென்றே திருச்சபை கொடுக்கிறது நற்கருணைதான், பயணத்துக்கு உணவாக. அண்ணனிடம் இதை அப்படியே சொல். நினைவு தவறியபின் அவசர அவசரமாகச் சாமியாரைத் தேடுவதைவிட, அவர் தெளிவாக இருக்கும்போது, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையும் வாங்கட்டுமே. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி போதும். பேத்தியும் பக்கத்தில் நிற்கட்டும், பயப்பட ஒன்றும் இல்லை.

இந்த வாரமே உங்கள் சாமியாருக்கு போன் பண்ணு, தள்ளிப் போடாதே. ஆப்பரேஷன் தேதி தெரிந்ததும் எனக்குச் சொல், அன்று காலைப் பூசையை அண்ணனுக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறேன். பேத்தியின் புதுநன்மைக்கு நான் வருவேன். முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட மகனிடம் சொல்லிவிட்டேன், தேதிதான் பாக்கி. பிள்ளையை ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாவுக்குக் கூட்டி வா, ஐந்தாம் தேதிப் பூசையில் நாம் மூன்று பேரும் சேர்ந்து நன்மை வாங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி