கார்ஹிங்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது? போனில் நான் பேசியதில் பாதி கேட்கவில்லை என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டீர்களாம். அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

கார்ஹிங் மியூனிக்குக்கு வடக்கே உள்ள சின்ன ஊர். யூ6 ரயிலின் கடைசி நிறுத்தத்தில் எங்கள் ஆய்வு வளாகம். 1957-ல் இங்கே வந்த அணு உலையின் முட்டைக் கூரையை ஊர்ச் சின்னத்திலேயே வைத்திருக்கிறார்கள், நம் பக்கம் கோபுரத்தை வைப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காது. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. கறிவேப்பிலைக்கு மியூனிக்கில் ஓர் ஈழத்தமிழர் கடை இருக்கிறது. "பிள்ளை, சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்காமல் அவர் பில் போடமாட்டார்.

பக்கத்து வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா கேட்டாள். ரேடியோ வேலை என்றே சொல்லச் சொல்லுங்கள். பொய்யில்லை.

ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் என்று ஓர் இயந்திரம், அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கானது, 1991 முதல் ஓடுகிறது. மெதுவடை வடிவத்தில் ஒரு வெற்றிடக் கலம். உள்ளே சில மில்லிகிராம் டியூட்டீரிய வாயு, அதாவது கன ஹைட்ரஜன். அதைச் சூரியனின் நடுவை விடச் சூடாக்கி, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்து வைக்கிறார்கள். அதிகபட்சம் பத்து வினாடி. அதற்கு 'ஷாட்' என்று பெயர். ஊர்க் கரண்டை அப்படியே இழுத்தால் தாங்காது என்று, பெரிய இரும்புச் சக்கரங்களை முன்கூட்டியே சுழலவிட்டு, ஷாட் நேரத்தில் அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

சூடாக்குவதற்குப் பல வழிகள் உண்டு. என் பங்கு ரேடியோ அலை. காந்தப்புலத்தில் அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணு, வட்டமடிக்கும். 2.4 டெஸ்லா (காந்தப்புல அளவு) புலத்தில் ஹைட்ரஜன் அயனி வினாடிக்குச் சுமார் 3.65 கோடி முறை சுற்றுகிறது. டியூட்டீரியத்தில் கொஞ்சம் ஹைட்ரஜனைக் கலந்து, அதே 36.5 மெகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பினால், ஊஞ்சலை வாகு பார்த்துத் தள்ளுவதுபோல ஒவ்வொரு சுற்றிலும் அயனி வேகம் பிடிக்கிறது. பிறகு மோதி மோதி மற்றவற்றையும் சூடாக்குகிறது. உங்கள் கணக்கில் ஷார்ட்வேவுக்கு மேலே, எஃப்எம்முக்குக் கீழே.

ஜெனரேட்டர்கள் நான்கு, ஒவ்வொன்றும் 2 மெகாவாட். நீங்கள் இரவில் கேட்ட தூத்துக்குடி வானொலி 200 கிலோவாட்தான். கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? வால்வ், அப்பா! டெட்ரோட். நீங்கள் ரேடியோ கடையில் கழற்றி மாட்டியதன் பெரியண்ணன். பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் கருவி அதைவிட எளிது. கலத்தின் சுவரில், அலையை அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து தள்ளி, சின்னச் சின்னக் கம்பிச் சுருள்கள். அலையின் காந்தப்புலம் மாறும்போது அதில் வோல்டேஜ் வரும். ஒரு சுருளை நெடுக்கிலும் இன்னொன்றைக் குறுக்கிலும் வைத்தால் அலை எந்தத் திசையில் ஆடுகிறது என்று தெரியும். டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி, ஃபெரைட் குச்சி எந்தப் பக்கம் இருந்தால் ஸ்டேஷன் மங்குகிறது என்று எனக்குக் காட்டினீர்களே, அதேதான். வரிசையாகச் சில சுருள்கள் இருந்தால் அலையின் நீளமும் கிடைக்கும்.

ஒன்றுதான் தலைகீழ். கடையில் சிக்னல் பலமாக வந்தால் உங்கள் முகம் மலரும். இங்கே ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கச் சுருளில் பலமாக வந்தால் எங்களுக்குக் கவலை. நடுவில் உறிஞ்சப்பட வேண்டிய அலை உறிஞ்சப்படாமல் தாண்டி வந்துவிட்டது என்று பொருள். ஓரத்தில் அலைகிற மின்புலம் சுவரிலிருக்கும் டங்ஸ்டனைப் பெயர்த்து உள்ளேயும் தள்ளும். அது பிளாஸ்மாவை, அதாவது சூடான அந்த வாயுவை, குளிரவைத்துவிடும். அதனால்தான் இரண்டு உலோகப் பட்டை கொண்ட பழைய ஆன்டெனாக்களில் இரண்டை எடுத்துவிட்டு மூன்று பட்டை உள்ளவற்றைப் பொருத்தினார்கள். பட்டைகளின் மின்னோட்டங்களைச் சரியாகப் பங்கிட்டால், ஆன்டெனாவின் சட்டத்தில் தூண்டப்படும் ஓட்டங்கள் ஒன்றையொன்று தீர்த்துவிடும். டங்ஸ்டன் வரத்தும் குறைகிறது.

போன மாதம் ஒரு கூத்து. ஒரு சுருளின் ஃபேஸ் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் 65 டிகிரி தள்ளி நின்றது. (ஃபேஸ் என்றால் கரண்டு வரும் வயர் இல்லை, அலை எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு.) புதிதாக ஏதோ அலையைப் பிடித்துவிட்டோம் என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசியில் பார்த்தால், பழுதான கேபிளை மாற்றும்போது நானே ஒரு மீட்டர் நீளமானதைப் போட்டுவிட்டு, நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்தக் கேபிளில் அலைநீளம் ஐந்தரை மீட்டர். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட அதே 65 டிகிரி. "முதல்ல வயரைப் பாரு" என்று உங்கள் குரல் காதுக்குள் கேட்டது. யாரிடமும் சொல்லாமல் நானே இறங்கிப் போய் மாற்றினேன். மறுநாள் எல்லோரிடமும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

மாடியில் கிடக்கும் பழைய வால்வ் செட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடப்போவதாக அம்மா சொன்னாள். பொங்கலுக்கு வருகிறேன், அதுவரை வைத்திருங்கள். பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வும் என்னவென்று ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். அன்று விளையாடப் போகும் அவசரத்தில் நான் சரியாகக் கேட்கவில்லை.

காது மெஷினுக்கு பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் வைத்திருந்தால் கேட்காது.

அன்புடன்,
உங்கள் மகள்