காது முதலில், மூளை பிறகு

அன்புள்ள சங்கரா,

தேன்மொழிக்கு மைசூரில் பிஎச்.டி. இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆய்வுத் தலைப்பு செவிக்குறைபாடும் மூளையும் என்றதும் எல்லோரும் ஸ்கேன் படத்துக்கு ஓடுகிறார்கள். அவள் முதல் வருடத்தைக் காதிலேயே கழிக்கட்டும்.

காரணம் இருக்கிறது. 2009-இல் பாஸ்டனில் குஜாவாவும் லிபர்மேனும் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் சத்தம் இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் கேட்கும் திறன் திரும்பிவிட்டது. ஆனால் உள்காதில் ஒலியை உணரும் உள்மயிர்ச்செல்லுக்கும் செவிநரம்புக்கும் நடுவிலிருந்த இணைப்புகளில், உயர் அதிர்வெண் பகுதியில், ஏறக்குறைய பாதி போனது போனதுதான். வழக்கமான செவிச்சோதனையான ஆடியோகிராம் மெல்லிய ஒலியையே சோதிப்பதால் இந்தச் சேதம் அதில் தெரியாது.

உயிரோடிருப்பவர் காதில் இணைப்புகளை எண்ண முடியாது. காதில் 'கிளிக்' என்ற குறுகிய ஒலிகளைக் கொடுத்து, தலையில் ஒட்டிய எலக்ட்ரோடு வழியே நரம்பின் மின் அலைகளைப் பதிவது பெரா சோதனை. அதில் செவிநரம்பிலிருந்து வரும் முதல் அலையைத்தான் நம்பவேண்டும். அது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, தாடையை இறுக்கினாலே மூழ்கிவிடும். ஆளைத் தூங்கவிடட்டும். தோலை நன்றாகத் தேய்த்து, எலக்ட்ரோடு மின்தடையை 5 கிலோஓமுக்குக் கீழே இறக்கவேண்டும். கிளிக் விநாடிக்கு 10 வேண்டாம், 11.1 வைக்கச் சொல். பத்து என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும், சராசரி எடுத்தாலும் கரையாது. 2000 கிளிக்குக்கு மூன்று நிமிடம். இருமுறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும். காதுக்குப் பின்னால் ஒட்டுவதைவிட, தங்கத்தாள் சுற்றிய காதுக்குழாய் எலக்ட்ரோடில் அலை பெரிதாக வரும். பெண்களுக்கு இயல்பிலேயே அலை பெரிது, ஆண்களோடு கலந்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

மூளைப் பக்கம் வரும்போது இன்னொரு பள்ளம்: ஞாபகச் சோதனைச் சொற்களை வாயால் சொன்னால், காது கேளாதவர் மறதிக்காரராகப் பதிவாகிவிடுவார். எழுத்தில் காட்டட்டும்.

காதுக்கருவி மறதிநோயைத் தடுக்கும் என்று நீ அனுப்பிய செய்தி, 2023-இல் வெளியான அமெரிக்க 'அச்சீவ்' ஆய்வைப் பற்றியது. 70 முதல் 84 வயதுவரை 977 பேர், மூன்று ஆண்டு. மொத்தக் கூட்டத்தில் கருவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஓர் இதயநோய் ஆய்வில் இருந்த, அபாயம் கூடிய 238 பேரிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. செய்திக்காரர் அந்த 48-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்!

அம்மாவுக்குக் கருவி வாங்க இந்த 48 தேவையில்லை, பேச்சு கேட்டால் போதாதா? காதுக்குள் சின்ன மைக் குழாய் வைத்து, செவிப்பறை அருகே ஒலியை அளந்து பொருத்தும் இடமாகப் பார். கம்பெனி கணினி சொல்லும் அளவை அப்படியே ஏற்றித் தருபவரிடம் வேண்டாம்.

அன்புடன்,
வாசு